காலர் மெஷினின் பாபின் கேஸ்

தையல் கம்பெனியில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். சும்மா வைத்த பேரா? கழிவறையைப் பூட்டி வைத்த மேனேஜரிடமிருந்து சாவியைப் பிடுங்கி வந்தவள். இருபது வருஷமாகச் சட்டைக்குக் கை ஒட்டுகிறாள். பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள் அவளுடைய உயிர்த்தோழி. அவளோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள்.

அந்தத் தோழிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டரம்மா நீரை எடுத்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "மூணு மாசம் மாத்திரை. நான் எழுதித் தர்ற வரைக்கும் அந்தப் பஞ்சுத் தூசிக்குள்ள கால வைக்கக் கூடாது."

மறுநாளே சூப்பர்வைசர் காலர் மெஷினுக்கு வேறு ஆளைக் கூட்டிவந்துவிட்டார். பட்டாசு என்ன செய்தாள் தெரியுமோ? அடிநூல் பாபினைப் பிடித்திருக்கும் சின்ன இரும்புக் கூடு, அந்த பாபின் கேஸைக் கழற்றி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். பழைய மெஷின் அது. ஸ்டோரிலிருந்து வேறு எதைக் கொண்டுவந்து மாட்டினாலும் நூலை அறுத்துத் தள்ளும்.

"குடுத்துடு. அது கம்பெனிச் சொத்து."

"மெஷின் கம்பெனியோடது சார். எடம் அவளோடது. காலரையும் நானே தைக்கிறேன். ஒண்ணு கொறஞ்சா அப்ப கேளுங்க."

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே, வந்த ஆளை வேறு மெஷினுக்கு அனுப்பினார்.

தைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் தைத்தாள், எல்லாரும் கிளம்பிய பிறகும் தைத்தாள். எழுந்தால் கையோடு கேஸைக் கழற்றிவிடுவாள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஞாயிறு ஆனால் தோழி வீட்டில் போய் நின்று மாத்திரை அட்டையைச் சரிபார்ப்பாள். ஊரையே அதட்டுகிறவளுக்கு உள்ளே ஒரே பயம்: இவளும் போய்விட்டால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

ஏழாவது வாரம் தோழியே கம்பெனிக்கு வந்து நின்றாள். மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"எனக்கு நல்லாயிடுச்சுடி. அதக் குடு."

"டாக்டர் எழுதிக் குடுத்தாங்களா?"

தோழி காலர் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில், "எடம் போயிடும்னு பயமா இருக்குடி" என்றாள்.

"அந்தச் சூப்பர்வைசருக்கே குடுக்கல, உனக்குக் குடுத்துடுவேனா? போய்ப் படு."

தோழி அழுதாள். பட்டாசு அவள் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய் பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

மூன்று மாதம் முடிந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டு, கையில் டாக்டர் சீட்டோடு வந்தாள் தோழி. பட்டாசு அதை வாங்கி நேரே சூப்பர்வைசரிடம் நீட்டினாள்.

"படிங்க சார்."

"பூரண குணம். வேலைக்குப் போகலாம்" என்று முனகினார்.

"கடைசி மெஷினுக்குக் கேக்கல சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு மெஷினும் ஓடவில்லை. அறுபது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்கப் படித்தார்.

பட்டாசு பாபின் கேஸை எடுத்துத் துணியால் துடைத்து, தோழியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒக்காருடி" என்றாள்.