கோவன் ஏற்றமும் சாவியோவின் டையும்

ரொமினா வெல்லாவுக்கு வாய் நீளம். சரக்கு ரயில் ஓட்ட வந்த நாள் முதல் சிட்னி போகும் பாதையில் செங்குத்தாக ஏறும் கோவன் ஏற்றத்தில் அவள் வண்டி ஒருமுறைகூட ஏற முடியாமல் நின்றதில்லை. நின்றவர்களை அவள் சும்மா விட்டதுமில்லை. வாரக்கணக்கில் கேலி பேசி உயிரை எடுத்துவிடுவாள். துணை ஓட்டுநரான நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

அன்று விடியலிலேயே மழை. ஹாக்ஸ்பரி ஆற்றைத் தாண்டும்போதே சக்கரம் வழுக்கியது. பிடிமானத்துக்காகத் தண்டவாளத்தில் மணல் தூவும் குழாய் வேறு அடைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் சிட்னி போகும் பயணிகள் ரயில், கூட்டம் பிதுங்க. அதில் ரொமினாவின் கணவன் சாவியோ. மாதக்கணக்கில் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவனுக்கு அன்றுதான் ஒரு நேர்காணல்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து டெரி ரேடியோவில் கேட்டான். "ரொமினா, ஏறிடுவியா? இப்ப போனாத்தான் உண்டு. இல்லாட்டி ஓரத் தண்டவாளத்துல ஒதுங்கு. அப்புறம் காலைக் கூட்டம் முடியுற வரைக்கும் சரக்கு வண்டிக்கு வழி கிடையாது."

எங்கள் ஆட்களில் எவனும் 'முடியாது' என்று சொல்லமாட்டான். சொன்னால் மானம் போய்விடும். ஆனால் ஏற்றத்தின் நடுவில் நாங்கள் நின்றால் பின்னால் வருகிற ரயிலும் நிற்கும். இழுக்க வேறு எஞ்சின் வந்து சேர்வதற்குள் சாவியோவின் வேலை அம்போதான்.

"சொல்லித் தொலையேன்!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வீம்பு பிடிக்கிற நேரமா இது?"

"வாயை மூடு. யோசிக்கிறேன்ல?" சிக்னல் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ரொமினா! பதில் சொல்லு!" ரேடியோவில் டெரி கத்தினான்.

"முடியாது, டெரி. ஒதுங்குறேன்."

ரேடியோவில் டெரி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, "அடேங்கப்பா! பேசுறது நம்ம ரொமினாதானா?"

"நல்லா சிரி. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு."

ஒதுங்கி நின்றோம். நாங்கள் விலகும்வரை பின்னால் காத்திருந்த பயணிகள் ரயில் மெதுவாக எங்களைக் கடந்தது. கதவோரம் சாவியோ, அவள் வாங்கிக்கொடுத்த சிவப்பு டையோடு. எங்கள் எஞ்சினைப் பார்த்து எரிச்சலோடு தலையை ஆட்டினான். மழைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் அவன் கண்ணில் படவில்லை. கடைசிப் பெட்டியும் ஏற்றத்தில் ஏறி மறைந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ரொமினா போனை எடுத்துப் பார்த்தாள். அவனிடமிருந்து செய்தி. எனக்குப் படித்துக் காட்டினாள்: "ஏதோ ஒரு சரக்கு வண்டி வழியை மறிச்சிடுச்சு. உங்க ஆளுங்களுக்கு அறிவே கிடையாதா?"

சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் அனுப்பினாள்:

"டை கோணலா இருக்கு. நேரா இழுத்து விட்டுக்கோ."