கடைசியில் நின்ற பெயர்

க்வார்டெங் பெரியவரை அடக்கம் செய்த சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள் காலையில் கொனாடு கானா நாட்டின் குமாசி நகரை விட்டுக் கிளம்பினாள். தலைநகர் அக்ராவுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தெரிந்தவர் யாராவது பார்த்துக் கையசைத்துவிட்டால் பதிலுக்குக் கையைத் தூக்க வேண்டுமே என்று பயம்.

அதுவரை குமாசியின் அடும் கடைத்தெருவில் பாடு என்பவரின் இன்டர்நெட் கடையில் அவளுக்கு வேலை. எழுத்துகளை ஆடவிடுவதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. பெயரைத் தட்டி, எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால், எழுத்துகள் பொன்னிறத்தில் சுழன்று வந்து திரையில் உட்காரும். வெளிநாட்டு உறவுகளுக்காக மரண அறிவிப்பை வலையில் போடும் பழக்கம் வந்த பிறகு அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

க்வார்டெங்கின் தம்பி அட்டாகோராதான் குடும்பத் தலைவர். மரியாதைக்கு எல்லோரும் அவரை நானா என்பார்கள். அண்ணன் இறந்ததும் கடைக்கு வந்தவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"புள்ளைங்க பேரு மூத்ததுலேர்ந்து வரணும். அஃப்ராகோமா முதல்ல. நம்ம வழக்கப்படி அப்பனுக்குச் சவப்பெட்டி வாங்க வேண்டியது மூத்தவ அவதான். டொரன்டோல இருக்கா. அப்பனோட பேச்சுவார்த்தை இல்ல, போன்லகூட கிடையாது. தன் பேரைப் பார்த்தாத்தான் வருவா."

"பேரு பறந்து வரும் நானா. பார்த்துட்டு நீங்களே அசந்துபோவீங்க."

"இழவுல பேரு பறக்குதாம். செய்யி, செய்யி."

ஆறு பிள்ளைகளின் பெயர்களும் ஒவ்வொன்றாகப் பறந்து வந்தன. கடைசியில் ஆறும் வரிசையாக நின்றன. பாடு எட்டிப் பார்த்தார்.

"ஆப்பிள் கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பார்த்தியா? அச்சகத்துல ஒண்ணு கெடக்கே."

"பார்த்தாச்சு அண்ணே. ரெண்டுலயும் ஒரே மாதிரிதான்."

அவள் பார்க்கவில்லை. அச்சகத்துப் பையன்கள் அவளைக் கண்டாலே "இதோ, எழுத்து ராணி வந்துட்டாங்க" என்று கேலி செய்வார்கள். அவர்களிடம் போய் உதவி கேட்டு நிற்க மனசில்லை. மென்பொருள் இரண்டு வகைக் கம்ப்யூட்டருக்கும் விற்கிறதே, படம் மட்டும் மாறிவிடுமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நானா விறுவிறுவென்று கடைக்குள் வந்தார். அஃப்ராகோமா போன் செய்து அழுதிருந்தாள். வலையில் போட்ட அறிவிப்பில் சார்போங் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். சார்போங் கடைக்குட்டி, வேறொரு பெண் வயிற்றுப் பிள்ளை. 'நான் அவருக்குப் பிள்ளையே இல்லன்னு ஊருக்குச் சொல்லிட்டீங்க' என்று சொல்லி அவள் பயணத்தையே ரத்து செய்துவிட்டாள்.

கொனாடு தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆறு பெயர்களும் வந்து நின்றன. அஃப்ராகோமா எல்லோருக்கும் மேலே இருந்தாள்.

"பார்த்தியா. வராம இருக்க ஒரு சாக்கு. கண்ணு முன்னாடி நிக்குற பேரை இல்லேங்குறா" என்றார் நானா. அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

டொரன்டோவில் ஆப்பிளில் பார்த்திருப்பாளோ என்ற சந்தேகத்தில், அவர் போனதும் கொனாடு அச்சகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த ஆப்பிளில் பக்கத்தைத் திறந்தாள். அஃப்ராகோமா பறந்து வந்தாள். அடுத்த பெயர் வந்ததும் அழிந்துபோனாள். ஒவ்வொரு பெயரும் முந்தியதைத் துடைத்தது. முடிவில் சார்போங் மட்டும் தனியாக நின்றான்.

ஆட்டமில்லாத வெறும் எழுத்தில் ஆறு பெயர்களையும் போட்டு அன்றைக்கே மாற்றிவிட்டாள். அது நொடியில் முடிகிற வேலை. நானா வீடு நடக்கிற தூரம்தான். அங்கே மட்டும் அவள் போகவில்லை. போனால் பாடுவிடம் சொன்ன பொய்யும் வெளியே வரும்.

அடக்கத்தன்று கறுப்பும் சிவப்பும் உடுத்த கூட்டத்தில் அவளும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூத்த மகள் பொய் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டாள் என்று நானா மைக்கிலேயே சொன்னார். பெட்டியை மற்ற பிள்ளைகள் வாங்கியிருந்தார்கள்.

"பெட்டிக்குக் காசு குடுக்கணுமேன்னு பேரே இல்லேன்னுட்டாளாம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கனடா குளிர்ல நெஞ்சும் உறைஞ்சுபோச்சு போல."

பெண்கள் சிரித்தார்கள். கொனாடுவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவளை ஊரில் இருக்கவிடவில்லை.

அக்ராவில் வேறு வேலை கிடைத்தது. ஆனால் யாராவது சிரித்தால் அவளுக்கு முகம் சுட்டது. ஒருநாள் உட்கார்ந்து அஃப்ராகோமாவுக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதினாள். சிரித்ததையும் எழுதினாள். பதில் இல்லை. மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்த பிறகு ஒரு பதில் வந்தது.

"நீ எழுதியதைப் படித்தேன். நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால் என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உனக்காகப் பேச ஒரு பெரியவரைக் கூட்டிக்கொள். மன்னிப்புக் கேட்க வைக்கும் ஷ்னாப்ஸ் மது பாட்டிலோடு நானா வீட்டுக்குப் போ. உன்னோடு சிரித்த பெண்களையும் கூப்பிடச் சொல். அவர்கள் முன்னால் சொல். நானா எனக்கு போன் செய்யட்டும். அதற்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன்."