நகல் எடுக்காமல் அழித்த வரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் சார் நான். புத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது, எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் படித்த கையோடு பெங்களூருக்கு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முனிரத்தினம் என்று ஒரு கூலிக்காரப் பெரியவர், கம்ப்யூட்டர் பெட்டியையும் ஸ்பீக்கரையும் கோணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். "நின்னு நின்னு பூடுது பா, கொஞ்சம் இன்னான்னு பாரு" என்று விட்டுவிட்டுப் போனார். பார்த்தால் வைரஸ்.

கம்ப்யூட்டருக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. எந்த நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்று ஊர் அடங்கலில் எழுதி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஆன் செய்ததும் எதெது ஓட வேண்டும் என்று அதில் வரி வரியாக இருக்கும். கை வைப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கே அழித்தால் அழித்ததுதான். இதை ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவனே நான்தான். அன்று மணி மூன்றாகியும் சாப்பிடவில்லை, பசி காதை அடைத்தது. பெயர் புரியாத ஒரு வரி தெரிந்தது, இதுதான் வைரஸ் என்று நகல் எடுக்காமலே அழித்தேன், அது காட்டிய ஃபைலையும் அழித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் பெரியவர் வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"எம் புள்ள சேகரு பெங்களூர்லர்ந்து வாங்கியாந்தது பா. அங்கியே லாரி மோதி பூட்டான். இத்த ஆன் பண்ணா 'நைனா, துன்னியா?'ன்னு அவன் கொரலு கேக்கும், அவனே புடிச்சி வெச்சிட்டுப் போனது. தெனம் மத்தியானம் அதக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும். வேற இன்னா தெரியும் எனக்கு இதுல?"

நான் அழித்த வரி அதுதான். அதைச் சொல்லாமலே, பாவி நான் சார், பெட்டியை எடுத்துக் கொடுத்து அப்படியே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

ஸ்பீக்கரை அவர் மறந்துவிட்டுப் போயிருந்தார். மூன்று நாள் அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை. நான்காம் நாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகல், நல்ல வெயில். பெரியவர் சோற்றுத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். "வா பா, இப்பத்தான் போட்டுக்கினு கீறேன்" என்றார்.

திரை வெளிச்சமானது.

"நைனா, துன்னியா?"

இளம் பையன் குரல், சத்தியமாகக் கேட்டேன். ஸ்பீக்கர் என் பையில் இருக்கிறது சார்! "துன்றேன் டா" என்று பெரியவர் சோற்றைப் பிசைந்தார்.

ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தேன். அந்த வரி இல்லை, ஃபைலும் இல்லை. "நான்தான் பெரியவரே அத்த அழிச்சிட்டேன்" என்று அழுதுவிட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அதே குரல் மறுபடி கேட்டது.

"நீ துன்னியாண்ணா?"

பெரியவர் திடுக்கிடவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார். "கேக்கறான் இல்ல? துன்னு" என்றார். அழுதுகொண்டே தின்றேன்.

பெரியவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் எனக்கென்று விட்டுப்போன அந்தப் பெட்டி இப்போது என் கடை அலமாரியில் கிடக்கிறது, ஆன் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. சேகரை நான் உயிரோடு பார்த்ததே கிடையாது. பசி அவசரத்தில்தான் அந்த வரியை அழித்தேன் என்று அன்றுவரை நான் யாரிடமும் சொன்னதும் கிடையாது. பின்னே, என் பசி அவனுக்கு எப்படித் தெரிந்தது?