கோத்திரம் கேட்ட இடத்தில் கிடைத்த பட்டம்

என் பாதிப் படிப்பைக் காணவில்லை. போன ஆனி மாதம், சின்னவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே போனில் என் படிப்புக்கான கிரெடிட் கணக்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

நான் படித்தது விட்டு விட்டுப் படிக்கக்கூடிய இளங்கலை. திருமணத்துக்கு முன் செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போனேன். திருமணமாகிப் படூர் வந்ததும் அது நின்றது. பெரியவள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அஞ்சல்வழியில் சேர்ந்து, முடிந்த பருவத்தில் முடிந்த பாடம் என்று எழுதினேன். தேறும் ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கில் கிரெடிட் ஏறும். வேண்டிய அளவு சேர்ந்தால் பட்டம்.

அன்று கணக்கில் அஞ்சல்வழிப் பாடங்கள் மட்டுமே இருந்தன. கல்லூரியில் எழுதியவை ஒன்றுகூட இல்லை. பட்டம் முடிக்க எனக்கிருந்த அவகாசமோ அந்தப் பருவத்தோடு தீர்கிறது. பி.எட். சேர்ந்து ஆசிரியை ஆகும் ஆசையும் அதோடு போய்விடும்.

நான் எதையும் இரண்டு முறை பார்க்கிறவள். பழைய மதிப்பெண் சான்றுகளை எடுத்துப் பார்த்தேன். தேர்ச்சிதான். உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். உதவி எண்ணில் பேசியவரோ, "சிஸ்டத்துல இல்லன்னா இல்லதான்மா" என்று வைத்துவிட்டார். சமைக்கும்போதும் அழுதேன்.

என் கணவர் நாவலூரில் கம்பெனி கார் ஓட்டுகிறார். அவர் சொன்னார்: "அழுதுகினே இருந்தா மார்க் வந்துடுமா? செவ்வாக்கெழம லீவு போடறேன். திருப்போரூர் போலாம், அம்மாவையும் கூட்டிகினு."

முருகன் சன்னிதியில் கண்ணை மூடினேன். "கந்தா, நான் படித்தது பொய்யில்லை என்று நீயே காட்டு." வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். கோத்திரம் கேட்டார்.

"விஷ்ணு கோத்திரம்" என்றேன்.

பின்னால் நின்ற மாமியார் என் தோளைத் தட்டினார். "இன்னாம்மா, உங்கப்பா வூட்டு கோத்திரத்த சொல்ற? நம்மள்து சிவ கோத்திரம். புண்ணியம் எல்லாம் அந்த வூட்டுக் கணக்குல ஏறிடப் போவுது."

அர்ச்சகரும் சிரித்துவிட்டார். "ரெண்டு வீட்டுக்கும் சாமி ஒண்ணுதான்மா. மாத்திச் சொல்லுங்கோ."

மாற்றிச் சொன்னேன். ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வீட்டுக் கணக்கு. கல்லூரியில் நான் அப்பாவின் இனிஷியலோடு ம. தேவகி. அஞ்சல்வழியில் சேரும்போது ஆதாரில் கணவர் இனிஷியல் ஏறியிருந்தது, ச. தேவகி. போன் எண்ணும் புதிது. எனக்கு இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

வெளியே வந்து குளத்தங்கரையில் உட்கார்ந்து பழைய பெயரில் திறக்கப் பார்த்தேன். ஓ.டி.பி. அம்மாவின் போனுக்குப் போனது. கல்லூரியில் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். மாமல்லபுரத்தில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏதோ நம்பரு வந்துகீதுடி. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டுகீதே?"

"நான் உன் பொண்ணுதாம்மா, சொல்லு."

"எதுக்கும் மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு. அவரு சொல்லட்டும்."

அவர் சொன்ன பிறகே அம்மா எண்ணைச் சொன்னார். கணக்கு திறந்தது. கல்லூரிப் பாடங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. படிக்கட்டில் உட்கார்ந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். மாமியாருக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் எனக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திருமணச் சான்றுடன் படிப்பு மையத்துக்குப் போனேன். இரண்டு கணக்குகளையும் ஒன்றாக்கினார்கள். அவகாசம் தீரும் முன்பே பட்டத்துக்கான தகுதி வந்தது. இப்போது பி.எட். படிக்கிறேன்.

'வாய் தவறியது, மாமியார் திருத்தினார். இதில் முருகன் எங்கே வந்தார்?' என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன், வழக்கம்போல் இரண்டு முறை. திருமணமான நாளிலிருந்து எத்தனையோ அர்ச்சனைகளில் அப்பா வீட்டுக் கோத்திரத்தை நான் தவறியும் சொன்னதே இல்லை. அன்று மட்டும் என் நாவில் அதை வைத்தது யார்? எனக்குப் பதில் தெரியும்.

இன்றும் பருவத்துக்கு ஒருமுறை கணக்கைப் பார்க்கிறேன். பயத்தோடு அல்ல. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கும் சகோதரிகளே, ஏதாவது காணாமல் போனால் அழுவதற்கு முன் அவனிடம் போய்ச் சொல்லுங்கள். நான் அழுது முடித்துவிட்டுத்தான் போனேன். அதற்கும் அவன் கோபித்துக்கொள்ளவில்லை.