வெள்ளிக்கிழமை வாங்கிய கெரியர்

"லொறி கராஜில நிக்குதுங்க, இன்னைக்கு வராது" என்று, வள்ளம் ஏற்றிப்போக ஒழுங்கு செய்திருந்த லொறிக்காரர் போனில் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. பின்னேரம் மூன்று மணிக்குத் திகனவுக்கு அப்பால் நீர்த்தேக்கத்தில் மாகாண வள்ளமோட்ட அணிக்கான தெரிவு. இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். மகளுக்கு வயதெல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை. அவளுடைய கனூ வள்ளமோ, வெடிப்புக்கு ஒட்டுப் போட்டபடி, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் கிடந்தது. எங்கள் குட்டிக் காரைவிட நீளம்.

காரின் கூரையில் பூட்டும் கெரியர் ஒன்று வாங்கினால் நாங்களே கொண்டு போய்விடலாம். அக்குறணையில் அதற்கென்றே கடை இருந்தது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். "இந்த நேரத்துல இரும்பு வாங்கித் தலைக்கு மேல வைக்கக்கூடாது, பன்னெண்டு அடிக்கட்டும்" என்றேன். மகளும் தலையாட்டிவிட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு அடித்ததும் பறந்தோம். போய்ப் பார்த்தால் தெரு முழுக்க ஷட்டர் இறக்கியிருந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் பள்ளிவாசலில், ஜும்ஆத் தொழுகையில். ராகு ஞாபகம் வந்த எனக்கு ஜும்ஆ ஞாபகம் வரவில்லை. இத்தனை காலம் இந்த ஊர்க் கடைகளில் ஏறி இறங்கியவள் நான்! மூடிய கடை வாசலில் நின்று என்னையே திட்டித் தீர்த்தேன். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த கடைக்காரர் முதலில் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குப் பீலி இல்லையே மிஸ்."

மலிவான கெரியர் பழைய கார்களின் கூரையோரத்தில் மழைநீர் வடியும் பீலியில் கவ்வுமாம். எங்களுடையது மொட்டைத் தலை. கதவு விளிம்பில் கொளுவி இரண்டு குறுக்குக் கம்பி போடும் வகையும் இருந்தது. அதுதான் நல்லது, ஆனால் அளந்து பூட்ட ஒன்றரை மணித்தியாலம் வேண்டும் என்றார். மூன்றாவது, கூரையில் வைக்கும் இரண்டு ஸ்பொஞ் மெத்தையும் பெல்ட்டும். கதவைத் திறந்து பெல்ட்டைக் காருக்குள்ளால் எடுத்து இறுக்கினால் வேலை முடிந்தது.

"இதோட திகன வரைக்கும் போகலாமா?"

"போகலாம். ஆனா மெல்லமா போங்க மிஸ். வேகம் புடிச்சா வள்ளம் தூக்கிடும். பின்னுக்கு வாரவன்ட தலையில விழுந்தா அது வேற கத."

கம்பியைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். நல்லதை வாங்க நேரமில்லை. "மெத்தையவே குடுங்க" என்றேன்.

வீட்டுக்குப் போய் வள்ளத்தைக் கவிழ்த்து ஏற்றி, முன்னும் பின்னும் கயிறும் கட்டிப் புறப்பட்டோம். பெல்ட் காற்றில் ஊளையிட்டது. ஆட்டோக்கள்கூட எங்களை முந்திப் போயின. "கொஞ்சம் வேகமா போங்கம்மா" என்று மகள் கெஞ்சினாள். அழுத்தினால் கூரையில் டக் டக்கென்று சத்தம். பயத்தில் காலை எடுத்துவிடுவேன். குண்டசாலையைத் தாண்டும்போதே மூன்று மணியாகிவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது தெரிவு முடிந்திருந்தது. பயிற்சியாளரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் கெஞ்சினேன். காலில் விழவும் தயாராக இருந்தேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அப்போது தெரிவாகியிருந்த இரண்டு பிள்ளைகளும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். இன்னொரு தடவை வள்ளம் ஓட்டுகிறோம், அவளும் வரட்டும், முதல் இரண்டு பேரை எடுங்கள் என்று ஒருத்தி பயிற்சியாளரிடம் சொல்லி, அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள். அந்தப் பிள்ளையின் தாய்தான் என்னோடு சேர்ந்து பெல்ட்டை அவிழ்த்தாள். தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள்.

என் மகள் இரண்டாவதாக வந்தாள். கையை உயர்த்திக் கத்தப் போனேன். பக்கத்தில் அந்தத் தாய் நின்றாள். மூன்றாவதாக வந்த தன் பிள்ளையைப் பார்த்து, விடாமல் கைதட்டிக்கொண்டிருந்தாள்.