கை கழுவக் கொடுத்த சொம்பு

மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாகத் தங்க நேரும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கோவை மருத்துவமனையொன்றில் என் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த கட்டிலில் வெள்ளகோவில் விவசாயி ஒருவரின் மனைவி படுத்திருந்தார். அதற்கும் அப்பால் ஒரு மூதாட்டி. அவருடைய புண்ணில் சீழ் வைத்திருந்தது.

கட்டு மாற்றும் கம்பவுண்டர் அந்தச் சீழைத் துடைத்த கையோடு வெள்ளகோவில் அம்மாளின் கட்டைப் பிரிப்பார். பிறகு என் மனைவியிடம் வருவார். சில நாட்களில் அந்த அம்மாளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, தையலில் சீழ் கோத்தது. அடுத்தது என் மனைவிதான் என்று அஞ்சினேன். ஆயினும் ஓர் உத்தியோகஸ்தரிடம் “கையைக் கழுவுங்கள்” என்று சொல்ல நா எழவில்லை.

மறுநாள் அவர் என் மனைவியின் கட்டிலுக்கு வந்ததும், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல், சொம்புத் தண்ணீரும் சோப்புமாய் அவரெதிரே நின்றேன்.

“ஏனுங்க, இங்க பந்தியா போட்டிருக்கீங்க?” என்றார்.

“கும்புட்டுக் கேக்கறனுங்க. கழுவிப்போட்டு வாங்க. இவ இல்லாட்டி நானில்லீங்க.”

சிரித்துக்கொண்டே கழுவினார். தினமும் ஊற்றினேன். என் மனைவி பிழைத்தாள். வெள்ளகோவில் அம்மாள் காலமானார்.

உடலை எடுக்கும்போது அவர் கணவர் என் கையைப் பற்றினார்.

“எங்க கட்டிலுக்கு முன்னாலயும் அந்தச் சொம்போட நின்னிருக்கலாமுங்களே, அண்ணா.”

இப்போது நோயாளி எவரைக் காணச் சென்றாலும், கட்டு மாற்றும் வேளையில் வார்டின் முதல் கட்டிலருகே தண்ணீரோடு நிற்கிறேன். ஏசுகிறார்கள், இருந்தும் நிற்கிறேன்.