ஜப்பானிய மெட்டில் ஒரு வாய்த் தண்ணீர்

அன்று காலை இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். வாயிலிருந்து வந்தது ஒரு சொல்லாகவே இல்லை. "என்னது?" என்றேன். திரும்பவும் அதே குழறல். "விளையாடாதீக, எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டினியை ஊற்றினேன். நான் சத்துணவு அமைப்பாளர். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அரிசி அளந்து போட்டாக வேண்டும்.

அவர் கையிலிருந்து தம்ளர் நழுவியபோதும் அசதி என்றுதான் நினைத்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அவர் மிஷின்மேன். 2007 காலண்டர் அச்சாகிக்கொண்டிருந்த சீசன், பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். புரையேறி அவர் இருமியபோதுதான் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருப்பதைப் பார்த்தேன். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று பேச்சு குழறி, கை தளர்ந்தால் எலுமிச்சம்பழம் தேடாதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வண்டியைத் தேடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). அடைப்பு மூளையின் இடது பக்கம் என்பதால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே அஃபேசியா (பேச்சிழப்பு, நாக்கில் குறை இருக்காது, மூளையில் சொற்களைத் தேடி எடுக்கும் இடம் பழுதாகியிருக்கும்). காலில் பலம் கொஞ்சம் திரும்பும் என்றார் டாக்டர். பேச்சைப் பற்றிக் கேட்டேன். "பாப்போம்மா" என்றார்.

ஒன்பது நாள் அவர் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் உடற்பயிற்சி கொடுக்க வந்தவர் வலது கையைத் தூக்கிப் பிடித்து மடக்கினார். வலி பொறுக்காமலோ என்னவோ, இவர் பாட ஆரம்பித்துவிட்டார். குழறல் இல்லை, திக்கல் இல்லை. சொல் சொல்லாக ஒரு பாட்டு, முழுசாக. அத்தனையும் ஜப்பானிய மொழி.

அடுத்த கட்டில்காரரின் மனைவி என் தோளைப் பிடித்து, "ஏத்தா, இவுக மேல என்னமோ ஏறியிருக்கு, வேப்பிலை அடிச்சுப் பாரு" என்றார். எனக்குப் பேய் சந்தேகம் வரவில்லை. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அச்சகத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு பழைய நாலு கலர் ஆப்செட் மிஷின் வந்தது. அதன் டூல்ஸ் டிராயரில் ஒரு ஜோடிக் கையுறையும் ஒரு கேசட்டும் கிடந்தன. அந்த ஊர் மிஷின்மேன் யாரோ விட்டுப்போனது. சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பியானோ மெதுவாக நடக்க, ஒரு பெண் ஏங்கி ஏங்கிப் பாடுகிறாள். ஒரு எழுத்து யாருக்கும் புரியவில்லை. ஆனால் பைண்டிங் பிரிவுப் பிள்ளைகள் எல்லாம் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

அம்மா செத்துப்போன பாட்டு என்றாள் ஒருத்தி. கட்டிக்கொடுத்த இடத்தில் கஷ்டப்படுகிறவளின் பாட்டு என்றாள் இன்னொருத்தி. அவரவர் துக்கத்தை அவரவர் அதில் போட்டுக்கொண்டார்கள். கேசட் நகல் மேல் நகலாகப் போய், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேன்களில்கூட ஓடியது. அந்த வருஷங்களில் இருபது வயதாக இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தப் பாட்டுக்கு அழுததை. மிஷின் ஓடும்போதெல்லாம் கேட்டு இவருக்கு அது மனப்பாடம். வீட்டிலும் பாடிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "மை கழுவுற எண்ணெ கண்ணுல பட்டுருச்சு" என்பார். எனக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது. உழைத்துக் களைத்து வந்த வீட்டில் என்ன ஒப்பாரி என்று சத்தம் போடுவேன்.

டாக்டர் வந்து கேட்டுச் சிரித்தார். மெட்டும் மனப்பாடமான பாட்டும் மூளையின் வலது பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் நன்றாக இருப்பதால் பாட்டு தப்பித்திருக்கிறது என்றார். "ஆனா இது பாட்டு மட்டும்தாம்மா, இன்னும் பேச்சு இல்ல" என்றும் சொன்னார். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இருபது வருஷம் சோறு ஆக்கிப் போட்டவள் பக்கத்தில் நிற்கிறேன். வாயில் வருவதோ முகம் தெரியாத ஒரு ஜப்பான்காரியின் அழுகை.

பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஒரு சின்ன வயசுப் பெண். அந்த மெட்டையே ஏணியாக்கிவிடலாம் என்றாள். முதலில் அவரோடு சேர்ந்து முனகுவாள். அவருடைய இடது கையைப் பிடித்து மேஜையில் தாளம் தட்டவைப்பாள். பிறகு ஜப்பானியச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம் சொல்லை வைப்பாள். வீட்டில் அதிகம் புழங்கும் சொற்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதினாள். தண்ணி, சோறு, வலிக்குது, ஒண்ணுக்கு வருது, மகள் கனகாவின் பெயர்.

"உங்கள எப்படிக் கூப்பிடுவாருக்கா?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் யோசித்து, "செல்வராணின்னு" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு மதுரைக்குப் பஸ், மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் கனகாவும் தாளம். மூன்றாவது வாரம் "தண்ணீ..." என்று இழுத்தார். நான் செம்பு செம்பாகக் கொண்டுவந்து வைத்தேன். கனகாவின் பெயர் பாடிக் காட்டிய முதல் நாளே வந்துவிட்டது. பைண்டிங் பிரிவிலிருந்து முத்துச்செல்வி பார்க்க வந்திருந்தாள். பாட்டிலேயே ரொம்ப உருக்கமான அடியை எடுத்து இவர், "ஒண்ணுக்கு வருதூ..." என்றார். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அண்ணாச்சி, இதுக்கா நாங்க அம்புட்டு அழுதோம்!" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

என் பெயர் மட்டும் வரவில்லை. "செல்வராணி" என்று பயிற்சிப் பெண் பாடுவாள். அவர் என்னைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார். இரண்டு மாதம் இதே கதை. இவருக்கு என்னைத் தெரியவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிடுகிற யாரோ ஒரு பொம்பளை நான். யாரிடம் இதைச் சொல்வது? கை கால் வராதது பெரிதாகத் தெரியவில்லை. இதுதான் என்னை அரித்தது. பள்ளிக்கூடத்தில் வெங்காயம் உரிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல், "பெத்த மகளத் தெரியுது, பாட்டுக்காரியத் தெரியுது, என்னத் தெரியல பாரு" என்று கனகாவிடம் வெடித்தேன்.

அவள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்பா என்னைக்கும்மா உன் பேரச் சொல்லிருக்காரு? 'இந்தா'ன்னுதான கூப்பிடுவாரு?"

உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். படித்த பெண்ணிடம் 'இந்தா' என்று சொல்ல வெட்கப்பட்டுப் பெயரைச் சொன்னது நான். சொன்னதை மறந்துவிட்டு, வராத பெயருக்காக அவரைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்ததும் நானே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் பயிற்சிப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. தாளில் என் பெயரை அடித்துவிட்டு 'இந்தா' என்று எழுதினாள். மெட்டை முனகினாள், அவர் கையைப் பிடித்துத் தாளம் தட்டவைத்தாள். அவள் வாயைத் திறக்குமுன்னே அவர் என் பக்கம் திரும்பி, "இந்தா..." என்று பாடினார். நான் அந்த அறையிலேயே அழுதேன். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அழுதேன்.

அதற்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மிஷினுக்கு அவர் திரும்பப் போகவில்லை. வலது கை மடங்கியே இருக்கிறது, நான் அவர் வலது பக்கமாகவே நடந்து பழகிவிட்டேன். ஒரு சொல் எடுக்க அவருக்கு ஆகும் நேரத்தில் முன்பெல்லாம் நான் ஒரு அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்திருப்பேன். ஆரம்பத்தில் நானே சொல்லை எடுத்துக் கொடுப்பேன். அப்படிச் செய்யாதீர்கள். அவர் தேடிக்கொண்டிருக்கிறார், நாம் முந்திக்கொண்டால் தேடுவதை விட்டுவிடுவார். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான வைத்தியமாக இருந்தது.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து "இந்தா!" என்று சத்தம்.

"வாரேன், எனக்கென்ன நாலு கையா இருக்கு?" என்று கத்திவிட்டுச் சேலையைப் பிழிந்தேன்.

"இந்தா!" இந்தத் தடவை இன்னும் கடுப்பாக.

"வாரேன்னு சொல்றேன்ல!"

உதறிக் கொடியில் போடக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. மெட்டு இல்லை. இழுவை இல்லை. வெறும் சொல், வீட்டுக்காரர் வீட்டுக்காரியை அதட்டுகிற சொல்.

ஈரச் சேலையோடு உள்ளே ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் அடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். "பால்" என்றார். பொங்கித் தரையெல்லாம் வழிந்துகிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றேன்.

"என்ன சொன்னீக?"

"பால்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

"பால்!"

மூன்றாவது தடவையும் கேட்டேன். முறைத்தார். அந்த முறைப்பைப் பார்த்து எம்புட்டு நாளாகிவிட்டது! தரையைத் துடைக்கவில்லை, துணியைக் காயப்போடவும் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன சொல்லித் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.